அம்மாவோடு நானும் பூத்துக்குள் போகலாமா? டெக்சாஸ்காரர்கள் சொல்லுங்கள்

சுங்குடி:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஆஸ்டினில் இருக்கிறேன், அம்மா ரவுண்ட் ராக்கில் தம்பி வீட்டில். அம்மாவுக்கு 71 வயது. கிரீன் கார்டு வாங்கிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால் குடியுரிமைத் தேர்வில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தமிழிலேயே பதில் சொல்லலாம் என்றார்கள். மூன்று மாதம் ஒரு கோடு போட்ட நோட்டில் கேள்வி பதில்களை எழுதி எழுதி மனப்பாடம் செய்து, போன வருஷம் பாஸ் ஆகிவிட்டார். வாக்காளர் அட்டையும் தபாலில் வந்துவிட்டது. அதை பூஜை அறையில் வைத்திருக்கிறார்.

இப்போதுதான் பிரச்சினை. மாதிரி வாக்குச்சீட்டை இணையத்தில் எடுத்து அச்சடித்துச் சாப்பாட்டு மேஜையில் விரித்தேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இதில் சின்னம் எங்கே?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஊரில் இருந்தவரை ஒரு தேர்தல்கூட விட்டதில்லை, ஆனால் எல்லாம் சின்னத்தைப் பார்த்துப் போட்ட ஓட்டு. இங்கே செனட்டில் தொடங்கி மாவட்ட நீதிபதிகள் வரைக்கும் வெறும் பெயர்கள், அதுவும் ஆங்கிலத்தில். அம்மா தமிழ் நன்றாகப் படிப்பார். ஆங்கிலத்தில் கையெழுத்து மட்டும்தான்.

நான் கூடப் போய் வாசித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் பக்கத்து வீட்டில் ஒருவர், "அதே கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பதிவு செய்த வாக்காளர்தான் மொழிபெயர்க்க முடியும், நீ டிராவிஸ் கவுண்டி, உன் அம்மா வில்லியம்சன் கவுண்டி, விடமாட்டார்கள், இது பற்றி கோர்ட்டில் கேஸ்கூட நடந்தது" என்கிறார். தம்பிக்கு அந்த வாரம் வெளியூரில் வேலை. யாருக்காவது விஷயம் தெரிந்தால் சொல்லுங்கள். கேஸ் நடந்தது என்றால் என்ன தீர்ப்பு? செய்திகளில் ஒரு நாள் நீதிமன்றம் தடை என்கிறார்கள், மறுநாள் தடைக்குத் தடை என்கிறார்கள், தலை சுற்றுகிறது.

ஏரிக்கரை:

போகலாம். தாராளமாகப் போகலாம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கேஸ் உண்மைதான், ஆனால் அதன் முடிவு அவர் சொன்னதற்கு நேர் எதிர். கேஸ் நடந்ததும் உங்கள் அம்மா இருக்கும் அதே வில்லியம்சன் கவுண்டியில்தான்.

2014 தேர்தலில் ஒரு வங்காளி அம்மா ஓட்டுப் போட வந்தார். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது, மகனைக் கூட்டி வந்திருந்தார். மகன், அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வந்திருக்கிறேன் என்று உள்ளதைச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் வினையாகிவிட்டது. டெக்சாஸ் சட்டத்தில் உதவியாளர் வேறு, மொழிபெயர்ப்பாளர் வேறு. உதவியாளர் எந்த ஊர்க்காரராகவும் இருக்கலாம், மொழிபெயர்ப்பாளர் மட்டும் அதே கவுண்டியில் பதிவு செய்த வாக்காளராக இருக்க வேண்டும். மகனுக்குப் பதிவு இருந்தது டிராவிஸ் கவுண்டியில், அதாவது உங்களுக்கு இருக்கும் அதே இடத்தில். முடியாது என்றுவிட்டார்கள். அந்த அம்மா தனியாகப் போய், பாதி புரிந்தும் பாதி புரியாமலும் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்.

2015ல் வழக்குப் போட்டார்கள். மத்திய சட்டம் ஒன்று இருக்கிறது, 1965ஆம் வருஷ வாக்குரிமைச் சட்டம். அதில் 1982ல் 208ஆம் பிரிவைச் சேர்த்தார்கள். பார்வையின்மை, உடல் ஊனம், படிக்கவோ எழுதவோ இயலாமை ஆகிய காரணங்களால் உதவி தேவைப்படும் எந்த வாக்காளரும் தனக்குப் பிடித்த ஒருவரை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம், அவருடைய முதலாளியோ, முதலாளியின் ஆளோ, தொழிற்சங்கத்தின் ஆளோ மட்டும் கூடாது. கவுண்டி பற்றி ஒரு சொல்கூட அதில் கிடையாது. 2017 ஆகஸ்டில் ஐந்தாம் சர்க்யூட், அதாவது டெக்சாஸ் வழக்குகளைக் கேட்கும் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், மத்திய சட்டம் தந்ததை மாநிலச் சட்டம் குறைக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. உதவி என்பது சீட்டில் குறியிடுவதோடு முடிந்துவிடாது, ஓட்டு செல்லுபடியாவதற்குத் தேவையான எல்லாமே அதில் அடங்கும் என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பைக் கேட்க அந்த அம்மா உயிரோடு இல்லை. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும்.

கதை அதோடு முடியவில்லை. 2021ல் டெக்சாஸ் எஸ்.பி.1 என்று ஒரு பெரிய தேர்தல் சட்டம் கொண்டுவந்தது. உதவி செய்பவர் பெயர், முகவரி, வாக்காளருக்கு என்ன உறவு என்றெல்லாம் படிவத்தில் எழுத வேண்டும், பொய் சொன்னால் தண்டனை என்ற எச்சரிக்கையோடு உறுதிமொழியும் எடுக்க வேண்டும். வாசித்துக் காட்டுவது, குறியிடுவது என்று ஒரு சிறு வட்டத்துக்குள் உதவியைச் சுருக்கும் வரிகளும் அந்த உறுதிமொழியில் இருந்தன. பழைய வழக்கை விசாரித்த அதே மாவட்ட நீதிபதி 2022 ஜூனில் அந்த வரிகளுக்குத் தடை போட்டார். அதனால் அங்கே படிவம் கொடுத்தால் பயப்படாமல் வாங்கி நிரப்புங்கள், உறுதிமொழி கேட்டால் எடுங்கள். யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று மட்டும் நீங்கள் சொல்லக்கூடாது, அது எப்போதும் தப்புதான்.

ஒரு விஷயம் முக்கியம். உள்ளே போனதும் "அம்மாவுக்கு உதவி செய்ய வந்திருக்கிறேன், 208ஆம் பிரிவு" என்று சொல்லுங்கள். அதை ஒரு காகிதத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் வைத்துக் காட்டலாம் என்று நினைக்காதீர்கள், அங்கே உள்ளே போனை எடுக்கவே கூடாது.

நேர்வழி:

சட்டம் அப்படி இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனாலும் என் மனசில் இருப்பதைச் சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டு ரகசியமானது. பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு வேற்று மொழியில் பேசினால், அங்கே இருக்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும் இது யாருடைய ஓட்டு என்று? சுங்குடி அக்காவைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊரில் வீட்டுப் பெரியவர் எந்தப் பட்டனைச் சொல்கிறாரோ அதைத்தான் மொத்தக் குடும்பமும் அழுத்தும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாநில அரசு கொஞ்சம் கட்டுப்பாடு வைப்பதில் என்ன தப்பு? அடையாள அட்டை விஷயமும் அப்படித்தான். இந்தியாவில் அட்டை இல்லாமல் பூத்துக்குள் கால் வைக்க முடியுமா? இங்கே அட்டை கேட்டாலே வாக்குரிமை பறிபோகிறது என்று கோர்ட்டுக்குப் போகிறார்கள். 2008லேயே இண்டியானா மாநிலத்தின் அட்டைச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதே.

வடக்குவாசல்:

நேர்வழி, நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அட்டை. இந்தியாவில் அரசாங்கமே படம் பிடித்து, அட்டை அடித்து, இலவசமாகக் கையில் கொடுக்கிறது. அது தொலைந்தால் ஆதார், நூறு நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டிய வங்கி பாஸ்புக் என்று ஒரு டஜன் மாற்று வழி இருக்கிறது. ஏழைப்பட்டவர்கள் வீட்டில் எது இருக்குமோ அதையும் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். டெக்சாஸ் 2011ல் கொண்டுவந்த சட்டத்தில் துப்பாக்கி உரிமத்தைக் காட்டி ஓட்டுப் போடலாம், அரசுப் பல்கலைக்கழகத்தின் மாணவர் அட்டையைக் காட்டினால் செல்லாது. அந்தப் பட்டியலில் உள்ள எந்த அட்டையும் இல்லாத பதிவுபெற்ற வாக்காளர்கள் சுமார் 6 லட்சம் பேர் என்று விசாரணை நீதிமன்றம் கணக்குச் சொன்னது. அட்டை கேட்பது தப்பு என்று பெரும்பாலானவர்கள் சொல்லவில்லை. எந்த அட்டையைச் சேர்க்கிறாய், எதை விடுகிறாய், அது யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை, சண்டை அங்கேதான். 2016ல் ஐந்தாம் சர்க்யூட் அந்தச் சட்டம் கறுப்பின, லத்தீன் வாக்காளர்களைப் பாதிக்கிறது என்று சொன்ன பிறகுதான் மாநிலம் அதைத் தளர்த்தியது. அந்தத் தளர்வால்தான் இப்போது சுங்குடியின் அம்மா மாதிரி 70 தாண்டியவர்கள் காலாவதியான அட்டையைக்கூட, எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும், காட்டலாம். படம் உள்ள குடியுரிமைச் சான்றிதழும் செல்லும். இண்டியானா தீர்ப்பும் எல்லா மாநிலச் சட்டத்துக்கும் கொடுத்த முத்திரை இல்லை. அந்த வழக்கில் முன்வைத்த ஆதாரம் போதவில்லை என்பதுதான் அதன் சாரம்.

அப்புறம் வட கரோலினா. 2013ல் அங்கே சட்டமன்றம் எந்த இனத்தவர் எந்த வழியில் ஓட்டுப் போடுகிறார்கள் என்ற புள்ளிவிவரத்தைக் கேட்டு வாங்கிவிட்டு, கறுப்பின மக்கள் அதிகம் பயன்படுத்தும் வழிகளாகப் பார்த்து வெட்டியது. முன்கூட்டியே ஓட்டுப் போடும் நாட்களில் ஒரு வாரம் போயிற்று, ஓட்டுப் போட வந்த இடத்திலேயே பதிவு செய்யும் வசதி போயிற்று. ஏறக்குறைய அறுவை சிகிச்சைத் துல்லியத்தோடு கறுப்பின மக்களைக் குறிவைத்திருக்கிறது என்று 2016ல் நான்காம் சர்க்யூட் எழுதியது. இதையும் 'கொஞ்சம் கட்டுப்பாடு' என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ரகசியம் பற்றி. இந்தியாவிலும் தேர்தல் நடத்தை விதிகளில் 49என் என்று ஒன்று இருக்கிறது. பார்வை இல்லாதவர், உடல் இயலாதவர் துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போகலாம், ரகசியம் காப்பேன் என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும், ஒரே நாளில் இன்னொருவருக்குத் துணை போகக்கூடாது. படிக்கத் தெரியாதவர்களுக்கு அது ஏன் இல்லை? ஏனென்றால் அவர்களுக்குச் சின்னம் இருக்கிறது! சுங்குடியின் அம்மா கேட்ட கேள்வி அதனால்தான் எனக்கு ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது. 1952 தேர்தலில் எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான மக்களை நம்பிச் சின்னத்தை வைத்தார்கள், முதலில் எழுத்தைக் கற்றுக்கொண்டு வா என்று சொல்லவில்லை. இந்த நாட்டின் தெற்கு மாநிலங்களிலோ அதே காலத்தில் எழுத்தறிவுத் தேர்வு வைத்துத்தான் கறுப்பின மக்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 208ஆம் பிரிவுதான் இந்த ஊரில் சின்னத்துக்குப் பதிலாக இருப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பெரியவர் அதட்டுவது உண்மைதான். அதற்கு அதட்டுகிறவரைப் பிடிக்க வேண்டும், உதவியை எடுத்துவிடக்கூடாது.

கரிசல்:

நான் அலபாமாவில் ஹன்ட்ஸ்வில்லில் பத்து வருஷமாக இருக்கிறேன். சுங்குடி, உங்களுக்கான பதில் மேலே வந்துவிட்டது. தலை சுற்றுகிறது என்று சொன்னீர்களே, ஏன் சுற்றுகிறது என்று மட்டும் நான் சொல்கிறேன்.

1965ல் இருந்து 2013 வரைக்கும், ஏரிக்கரை சொன்ன அதே வாக்குரிமைச் சட்டப்படி, அலபாமா, ஜார்ஜியா, மிசிசிப்பி போன்ற மாநிலங்கள் தேர்தல் விதியில் ஒரு பூத்தை இடம் மாற்றுவதென்றால்கூட முன்கூட்டியே வாஷிங்டனில் அனுமதி வாங்க வேண்டும். 1975ல் டெக்சாஸும் அதில் சேர்ந்தது. அதாவது, இந்த மாற்றத்தால் யாருடைய ஓட்டும் அடிபடாது என்று மாநிலம்தான் முதலில் நிரூபிக்க வேண்டும். இங்கே ஷெல்பி கவுண்டியில் கலேரா என்று ஒரு சின்ன ஊர். 2008ல் அங்கே நகரசபை வார்டுகளை மாற்றி வரைந்தார்கள். கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக இருந்த ஒரே வார்டில் அவர்கள் பங்கு சுமார் 70 சதவீதத்தில் இருந்து 30க்கு இறங்கியது, அந்த ஒரே கறுப்பின உறுப்பினரும் தோற்றார். முன் அனுமதி விதி இருந்ததால் மத்திய அரசின் நீதி அமைச்சகம் மறுப்புச் சொன்னது, தேர்தலைத் திரும்ப நடத்தினார்கள், அவர் மறுபடி ஜெயித்தார். சரி, அதே ஷெல்பி கவுண்டிதான் இந்த விதியே வேண்டாம் என்று வழக்குப் போட்டது. 2013 ஜூன் 25ல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று ஒப்புக்கொண்டது. எந்தெந்த மாநிலம் அனுமதி வாங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கணக்கு பழசாகிவிட்டது என்றார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். நனையவில்லையே என்று கொட்டும் மழையில் குடையைத் தூக்கி எறிவது மாதிரி இது என்று நீதிபதி கின்ஸ்பர்க் மறுப்பு எழுதினார். தீர்ப்பு வந்த அதே நாளில் டெக்சாஸ் தன் அட்டைச் சட்டம் உடனே அமலுக்கு வருகிறது என்று அறிவித்தது.

அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழ். மாநிலம் சட்டம் போட்டுவிடும். பாதிக்கப்பட்டவர் வக்கீல் பிடித்து, நிபுணர்களைப் பிடித்து, வழக்குப் போட்டு, வருஷக்கணக்கில் நடத்த வேண்டும். அதற்குள் தேர்தல் வந்து போய்விடும். போன தேர்தலில் போடாத ஓட்டை எந்த நீதிபதியாலும் திருப்பித் தர முடியாது, இதை நான் யாரிடமும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். எங்கள் மாநிலத்தையே பாருங்கள். மக்கள்தொகையில் கால் பங்குக்கு மேல் கறுப்பினத்தவர், ஆனால் 2021ல் வரைந்த தொகுதி வரைபடத்தில் 7 நாடாளுமன்றத் தொகுதியில் ஒன்றில்தான் அவர்கள் பெரும்பான்மை. 2022 ஜனவரியில் மூன்று நீதிபதிகள் அந்த வரைபடம் வாக்குரிமைச் சட்டத்தை மீறியதாகவே தெரிகிறது, மாற்று என்றார்கள். பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. தேர்தல் நெருங்கும்போது விதியை மாற்றக்கூடாது என்று 2006ல் இருந்து ஒரு கொள்கை வைத்திருக்கிறார்கள், அந்த உத்தரவை ஆதரித்துத் தனியாக எழுதிய நீதிபதி கவனா அதையே காரணமாகச் சொன்னார். 2022 தேர்தல் அந்தக் குறையுள்ள வரைபடத்தின் மேல்தான் நடந்தது. 2023 ஜூனில் அதே உச்ச நீதிமன்றம், ஆமாம், வழக்குப் போட்டவர்கள் சொன்னது சரிதான் என்றது. மாநிலம் அப்போதும் ஒழுங்காக வரையாமல் கடைசியில் நீதிமன்றமே வரைய வைத்து, 2024 நவம்பரில்தான் இரண்டாவது தொகுதியில் ஷோமரி ஃபிகர்ஸ் ஜெயித்துப் போனார். நடுவில் போன அந்த இரண்டு வருஷத்துக்கு யார் பதில் சொல்வது?

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு செல்மா போயிருந்தேன். எட்மண்ட் பெட்டஸ் பாலம் நடுவில் வில் மாதிரி உயர்ந்திருக்கும். இந்தப் பக்கம் இருந்து நடக்கத் தொடங்கும்போது அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று தெரியாது, உச்சிக்குப் போனால்தான் தெரியும். 1965 மார்ச் 7ஆம் தேதி கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக ஊர்வலம் நடந்தவர்களும் அந்த இடத்துக்கு வந்த பிறகுதான் எதிரே போலீஸ்காரர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தார்கள். என் சின்ன மகள் அந்த உச்சியில் நின்று, "பார்த்த பிறகும் ஏன்பா திரும்பிப் போகவில்லை?" என்றாள். அன்றைக்கு அடி வாங்கியவர்களால் ஐந்தே மாதத்தில் வந்த சட்டத்தில்தான், பின்னால் சேர்ந்த ஒரு பிரிவைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் அம்மா உள்ளே போகப் போகிறார்.

நேர்வழி:

கரிசல் அண்ணா, கலேரா விஷயம் எனக்குத் தெரியாது. 49என் விதியும் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அட்டை கேட்க வேண்டும் என்பதில் என் கருத்து மாறவில்லை, ஆனால் எந்த அட்டை என்பதில் வடக்குவாசல் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன்.

மீன்கொத்தி:

ஹூஸ்டனில் இருந்து. அம்மா புதிதாகக் குடியுரிமை வாங்கியவர் என்பதால் ஒரே ஒரு சேதி, பயமுறுத்த இல்லை.

2019 ஜனவரியில் டெக்சாஸ் அரசு, குடியுரிமை இல்லாமல் பதிவு செய்திருக்கலாம் என்று சுமார் 95,000 பேர் பட்டியலை வெளியிட்டது. எப்படி எடுத்தார்கள் தெரியுமா, டிரைவிங் லைசென்ஸ் வாங்கும்போது கிரீன் கார்டு காட்டியவர்கள் பெயரை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு. நடுவில் அவர்கள் குடியுரிமை வாங்கியிருக்கலாமே என்று பார்க்கவில்லை. நம் ஆட்கள் எல்லோரும் வரும் வழியே அதுதானே, முதலில் கிரீன் கார்டு, லைசென்ஸ், பல வருஷம் கழித்துக் குடியுரிமை. சில நாட்களிலேயே சுமார் 25,000 பெயர் தப்பாகச் சேர்ந்தது என்று தெரிந்துவிட்டது. சான் அன்டோனியோவில் வழக்கு நடந்து, ஏப்ரலில் அரசு அந்தப் பட்டியலைக் கைவிட்டது, எதிர்த்தரப்பு வக்கீல்களுக்கு 4,50,000 டாலரும் கொடுத்தது. எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுக்கு 30 நாளில் குடியுரிமையை நிரூபி என்று கடிதம் வந்தது. அவர் மனைவி அதை விளம்பரத் தபால் என்று நினைத்துக் குப்பைக் கூடையில் போட்டிருந்தார், நல்ல வேளை எடுத்துவிட்டார்கள்.

அம்மாவின் டிரைவிங் லைசென்ஸோ ஐடி அட்டையோ கிரீன் கார்டு காலத்தியது என்றால், குடியுரிமைச் சான்றிதழைக் காட்டி அங்கே பதிவைத் திருத்திவிடுங்கள். பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று போகும் முன் மாநில இணையதளத்தில் ஒரு தடவை பாருங்கள். தபாலில் வரும் எதையும் பிரிக்காமல் போடாதீர்கள்.

சுங்குடி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று முன்கூட்டியே வாக்களிப்பில் போய்விட்டு வந்தோம், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முந்தின நாள் ராத்திரி அம்மா தன் பழைய கேள்வி பதில் நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஒவ்வொரு பதவியையும் தமிழில் எழுதி அது என்ன வேலை செய்யும் என்று என்னைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ரயில்ரோடு கமிஷனர் என்று ஒரு பதவி வந்தது. ரயிலா என்றார். பெயர்தான் ரயில், டெக்சாஸில் அவர்கள் பார்ப்பது எண்ணெய்க் கிணறும் எரிவாயுவும் என்றேன். "அப்போது அதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும்" என்று அடியில் கோடு போட்டுக்கொண்டார். எந்தப் பெயருக்கு நேராக டிக் போட்டார் என்று நான் பார்க்கவில்லை, அவரும் காட்டவில்லை, கையால் மறைத்துக்கொண்டுதான் எழுதினார்.

உள்ளே ஏரிக்கரை சொன்னபடியே சொன்னேன், உதவி செய்ய வந்திருக்கிறேன் என்று. படிவம் கொடுத்தார்கள், பெயர், முகவரி, உறவு என்ற இடத்தில் மகள், உறுதிமொழி, கையெழுத்து. 208 எழுதிய காகிதத்தை எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பெயரையும் மெதுவாக வாசித்தேன். அம்மா நோட்டுத் தாளைப் பார்த்துப் பார்த்துத் தானே விரலால் தொட்டார், நான் திரையில் கை வைக்கவில்லை. ஒரு நீதிபதி பெயரை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் நாலைந்து பேர் முடித்துப் போய்விட்டார்கள், அம்மா அவசரப்படவே இல்லை. அச்சாகி வந்த சீட்டைத் தலைகீழாகப் பிடித்துவிட்டு, சரிசெய்து, தானே இயந்திரத்தில் விட்டார்.

காரில் ஏறியதும் விரலைப் பார்த்துவிட்டு, "மை வைக்கவில்லையே, யாராவது இன்னொரு தடவை வந்துவிட்டால்?" என்று கேட்டார். கையெழுத்தும் பட்டியலும் அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மா என்றேன். வீடு வரைக்கும் விரலைத் தடவிக்கொண்டே வந்தார்.